எத்தனை பிள்ளைகள் பார்த்தார்கள்?

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் வாத்தியாராக இருக்கும் நண்பனைப் பார்த்தேன். தேரடிப் பக்கம் டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவன் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச தூரத்தில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், சில மாதங்களுக்கு முன்னால் ஒரு வெட்டு நடந்தது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் இங்கே வேண்டாம். பேப்பரில் நாலு வரி வந்தது. ஒருத்தருக்கு வெட்டு, மூன்று பேர் கைது. அவ்வளவுதான்.

நண்பன் சொன்னான்: "மறுநாள் கிளாஸுக்குப் போனேன்டா. ஒருத்தன் முதல் பீரியட்லயே தூங்குறான். ஒருத்தன் கடைசி பெஞ்ச்ல போன ஒளிச்சு வச்சு வீடியோவக் காட்டிக்கிட்டு இருக்கான். எப்பவும் சைக்கிள்ல வர்ற பையன அவங்க அம்மா கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போகுது. எத்தனை பேரு நேர்ல பாத்தானுங்கன்னு எனக்குத் தெரியல. யார்ட்டக் கேக்குறதுன்னும் தெரியல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் மனதில் நின்றுவிட்டது. எத்தனை பேர் பார்த்தார்கள்? சாதாரணக் கேள்விதான். ஆனால் நம்மிடம் இதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. எஃப்.ஐ.ஆரில் பாதிக்கப்பட்டவர் இருக்கிறார், குற்றம் சாட்டப்பட்டவர் இருக்கிறார், வழக்குக்குத் தேவைப்பட்டால் ரெண்டு மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் வெளியிடும் புத்தகத்திலும் அதே கதைதான். ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அதில் பெரிய குற்றத்தை மட்டும் எண்ணுவது அவர்கள் முறை. பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த நாற்பது பிள்ளைகள் எந்த அட்டவணையிலும் வர மாட்டார்கள்.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு இதைப் பற்றி யாராவது வேலை செய்திருக்கிறார்களா என்று தேடினேன். நிறைய செய்திருக்கிறார்கள். பெரும்பகுதி அமெரிக்காவில், துப்பாக்கியை வைத்து. அதில் நமக்கு என்ன உதவும், எது உதவாது என்பதுதான் இந்தக் குறிப்பு.

பஞ்சுத் தூசியும் வன்முறையும்

ஆங்கிலத்தில் எக்ஸ்போஷர் என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் இந்த ஆராய்ச்சி முழுக்க நடக்கிறது. தமிழில் இதற்கு அகராதி 'வெளிப்பாடு' என்கிறது. பிள்ளைகளின் வன்முறை வெளிப்பாடு என்று எழுதினால் பிள்ளைகளே வன்முறை செய்வது மாதிரி அர்த்தம் வரும். 'பாதிப்பு' என்றும் எழுத முடியாது. பார்த்த எல்லாருக்கும் பாதிப்பு வந்தே தீரும் என்று முன்கூட்டியே முடிவு கட்டியதாகிவிடும்.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது 'படுதல்'. வெயில் படுகிறது, தூசி படுகிறது என்கிறோமே, அந்தப் படுதல்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1936-இல் ராஜபாளையம் மில் வந்ததிலிருந்து பஞ்சு இந்த ஊரின் மூச்சில் இருக்கிறது. மில்லில் வேலை பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும், ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் நிற்கிறவருக்குப் படும் தூசி வேறு, கோன் வைண்டிங்கில் நிற்கிறவருக்குப் படுவது வேறு, ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்குப் படுவது வேறு. எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம், மூக்கில் துணி கட்டியிருந்தாரா, வீட்டிலும் பீடிப் புகையா, எல்லாம் சேர்ந்துதான் நுரையீரலின் கணக்கு. ஒரே தூசியில் நின்ற ரெண்டு பேரில் ஒருவருக்கு இழுப்பு வரும், இன்னொருவர் எண்பது வயதிலும் ஐயனார் கோவில் வரை நடப்பார். அதற்காக யாரும் தூசியை அளக்காமல் விடுவதில்லை. தூசியை அளந்தால்தான் எந்த இடத்தில் ஃபேன் வைக்க வேண்டும், யாருக்கு முதலில் மார்பைச் சோதிக்க வேண்டும் என்று தெரியும்.

வன்முறையை அளப்பதும் இதே யோசனைதான். எவ்வளவு பட்டது என்பது ஒரு கேள்வி. அதனால் என்ன ஆனது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை இருந்தால்தான் தடுக்கிற வேலையைத் தொடங்க முடியும்.

மைதானத்தில் நின்றவர்கள், லீவில் இருந்தவர்கள்

1984 பிப்ரவரி 24. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஆரம்பப் பள்ளி. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். எதிர்வீட்டிலிருந்து ஒரு ஆள் மைதானத்தை நோக்கிச் சுட்டான். ஒரு சிறுமி இறந்தாள், பல பிள்ளைகளுக்குக் காயம். சுமார் ஒரு மாதம் கழித்து ராபர்ட் பைனூஸ் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் அந்தப் பள்ளியின் 159 பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

அவர்கள் செய்த வேலை மிக எளிமையானது. அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்பதை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். மைதானத்தில் இருந்தவர்கள், கட்டடத்துக்குள் இருந்தவர்கள், வீட்டுக்குக் கிளம்பிவிட்டவர்கள், அன்று வராதவர்கள், லீவில் இருந்தவர்கள். குண்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அறிகுறிகள் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. படிக்கட்டு மாதிரி இறங்கியது. பதினாலு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தபோதும் மைதானத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது விடவில்லை.

ஆனால் தூரம் மட்டும் போதவில்லை. இறந்துபோன சிறுமியை நன்றாகத் தெரிந்த பிள்ளை தூரத்தில் இருந்தாலும் துக்கம் அதிகம். 'நான் மட்டும் தப்பிச்சுட்டேனே' என்று குற்ற உணர்ச்சி கொண்ட பிள்ளைகளும் இருந்தார்கள். ஆக ரெண்டு அளவுகோல்கள். ஒன்று இடம், இன்னொன்று உறவு.

இதற்குப் பல வருஷம் கழித்து, 2010-இல், பேட்ரிக் ஷார்க்கி என்ற சமூகவியலாளர் வேறு வழியில் போனார். அவர் பிள்ளைகளிடம் 'நீ பார்த்தாயா' என்று கேட்கவே இல்லை. சிகாகோவில் ஏற்கெனவே பிள்ளைகளுக்கு வாசிப்பு, சொல்வளம் சம்பந்தமாக நடத்தியிருந்த தேர்வுகளின் தேதிகளை எடுத்தார். அந்தந்தத் தெருவில் கொலை நடந்த தேதிகளை எடுத்தார். ரெண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். ஒரே பகுதியில் இருக்கும் பிள்ளைகளில், கொலை நடந்த ஒரு வாரத்துக்குள் தேர்வு எழுதியவர்களின் மதிப்பெண், மற்ற நேரத்தில் எழுதியவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. கறுப்பினப் பிள்ளைகளிடம் இது பளிச்சென்று தெரிந்தது. பார்த்தார்களா, கேட்டார்களா என்று தெரியாது. தெருவில் நடந்தது, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது மார்ச் மாதப் பொதுத்தேர்வு நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு ஊர்ப் பிள்ளைகள் மொத்தமாக மார்க் குறைந்தால் வாத்தியாரைக் கேட்கிறோம், பிள்ளையைக் கேட்கிறோம், செல்போனைத் திட்டுகிறோம். அந்த மாதம் அந்தத் தெருவில் என்ன நடந்தது என்று யாரும் காலண்டரைப் புரட்டுவதில்லை.

அமெரிக்காவில் இந்த அளவீடே ஒரு சண்டைதான். 1996-இல் அங்கே நாடாளுமன்றம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் வேலைக்கு நோய்த்தடுப்பு மையத்தின் காசைச் செலவு செய்யக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்த்தது. அந்த ஒரு வரியால் இருபது வருஷத்துக்கும் மேலாக ஆராய்ச்சி நோஞ்சானாகக் கிடந்தது. 2020-ஆம் நிதியாண்டில்தான் இதற்கென்று 2.5 கோடி டாலர் திரும்பக் கிடைத்தது. அதே 2020-இல், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் பதின்வயதினரும் அங்கே இறப்பதற்கான முதல் காரணம் துப்பாக்கி என்று ஆகியிருந்தது. எண்ணாமல் விட்டால் பிரச்சினை போய்விடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இங்கே துப்பாக்கி இல்லையே?

உண்மைதான். நம் பக்கத்துப் பிள்ளைகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்ததென்றால் பெரும்பாலும் அது போலீஸ் துப்பாக்கி. 2011 செப்டம்பர் 11 பரமக்குடியில் ஆறு பேர் இறந்தார்கள். 2018 மே 22 தூத்துக்குடியில் சுடப்பட்டு 13 பேர் இறந்தார்கள். இது தவிர மலையடிவாரத்தில் வேட்டைக்கு வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி. அதோடு சரி. பட்டாசு மாவட்டம் வேறு, 'டமார்' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் துப்பாக்கி என்று நினைக்காது. ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் சிவகாசிப் பக்கம் எங்கேயோ வெடி விபத்து என்றுதான் நினைக்கும்.

நமக்குத் துப்பாக்கியின் இடத்தில் இருப்பது அரிவாள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ ரெண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டும் ஆயுதங்களைப் பட்டியலில் வைக்கின்றன. ஆனால் வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்ததற்கு விலக்கு உண்டு. கரும்பும் தென்னையும் வாழையும் உள்ள ஊரில் அரிவாள் இல்லாமல் எப்படி? அதனால் வீட்டுக்கு வீடு இருக்கும். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்கப் போலீஸ் ரெளடிகளைத் தேடிப் பிடித்தபோது கைப்பற்றியதில் 900-க்கும் மேல் கத்தி, அரிவாள். நாட்டுத் துப்பாக்கி ஐந்தே ஐந்து. அதை ஒட்டித்தான் கொல்லம்பட்டறைக்காரர்கள் யார், எதற்கு வாங்குகிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

துப்பாக்கிக்கும் அரிவாளுக்கும் அளப்பதில் ஒரு வித்தியாசம் உண்டு. துப்பாக்கி முன்பின் தெரியாதவரையும் தூரத்திலிருந்து தாக்கும். அரிவாளுக்குப் பக்கத்தில் வர வேண்டும். பெரும்பாலும் வெட்டுகிறவனும் வெட்டுப்படுகிறவனும் தெரிந்தவர்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதி மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே போய் வெட்டியவர்கள் அவனோடு அதே பள்ளியில் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் வகுப்புத் தோழனை வெட்டினான். பைனூஸ் சொன்ன ரெண்டு அளவுகோலில் இங்கே கனமானது உறவுதான். வெட்டுப்பட்டவனையும் தெரியும், வெட்டினவனையும் தெரியும், ரெண்டு பேரும் உட்கார்ந்த பெஞ்ச் காலியாகக் கிடக்கும். அந்த வகுப்பில் மீதி இருக்கும் பிள்ளைகளை எந்த வரிசையில் வைப்பது?

ஒரே வகுப்பு, ஆறு கதை

1997-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. விருதுநகர் மாவட்டத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கியதை ஒட்டிச் சாதி மோதல் வெடித்த வருஷம். கடைசியில் அரசாங்கம் அந்த ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. அது பாடப்புத்தக விஷயம். எனக்கு ஞாபகம் இருப்பது பஸ் ஓடாத ரோடு.

பிள்ளைகளிடம் போய்க் கேள்வி கேட்க எனக்கு உரிமையும் பயிற்சியும் இல்லை. ஆனால் என்னோடு படித்தவர்களிடம் கேட்கலாமே? இந்தத் தடவை ஊரில் ஐந்து பேரைப் பிடித்தேன். எல்லாருக்கும் நாற்பது தாண்டியாச்சு. 'அந்த வருஷம் உனக்கு என்னடா ஞாபகம் இருக்கு' என்று மட்டும் கேட்டேன்.

ஒருவன் பஸ்ஸின் கண்ணாடி உடைந்தபோது உள்ளே இருந்தவன். அதற்குப் பிறகு பல வருஷம் ஜன்னல் சீட்டில் உட்காரவில்லையாம். இத்தனை நாள் பழகி எனக்கு அது தெரியாது. இன்னொருவன் ஒன்றையும் பார்க்கவில்லை, ராத்திரி தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டான், அம்மா வாயைப் பொத்தினாள். மூன்றாவது ஆள், அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் அம்மாவோடு சோற்றுப் போசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான்காமவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அதுவரை சேர்ந்து சாப்பிட்ட கூட்டாளி பேசுவதை நிறுத்தினான். ஐந்தாவது ஆள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணன் குடுத்த பையக் கொண்டுபோய் ஒரு வீட்ல குடுத்தேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியும்" என்றான். ஆறாவது ஆள் நான். எனக்கு ரெண்டு வாரம் லீவு கிடைத்த சந்தோஷம்தான் ஞாபகம் இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஒரே வகுப்பறை, ஒரே வருஷம். 'வன்முறை பட்டதா' என்று ஒரு கேள்வி கேட்டு ஆம், இல்லை என்று டிக் அடிக்கச் சொன்னால் ஆறு பேரில் யார் யார் 'ஆம்' போட்டிருப்போம்? பஸ்ஸில் இருந்தவன் மட்டும் போட்டிருப்பான். பையைக் கொண்டுபோனவன் சத்தியமாகப் போட்டிருக்க மாட்டான். உண்மையில் முதலில் கவனிக்க வேண்டியவன் அவன்தான்.

கேள்வியை எப்படிக் கேட்பது

உலக சுகாதார நிறுவனம் குழந்தைப் பருவத்துத் துன்பங்களை அளக்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறது. பதினெட்டு வயது தாண்டியவர்களிடம், பின்னோக்கிக் கேட்பது. அதில் தெரு வன்முறைக்கு மூன்று கேள்விகள். யாரையாவது அடிப்பதை நேரில் பார்த்தாயா அல்லது கேட்டாயா, குத்துவதையோ சுடுவதையோ பார்த்தாயா அல்லது கேட்டாயா, கத்தியோ துப்பாக்கியோ காட்டி மிரட்டுவதைப் பார்த்தாயா அல்லது கேட்டாயா. பதில் நான்கு வகை. பலமுறை, சிலமுறை, ஒருமுறை, இல்லவே இல்லை. எத்தனை முறை என்று கேட்பது முக்கியம். ஒரு தடவை பார்த்ததும், வாரா வாரம் பார்ப்பதும் ஒன்றல்ல. ப்ளோ ரூம் கணக்குதான்.

இதை அப்படியே தமிழில் பெயர்த்து இங்கே கேட்டால் பாதி தவறிப்போகும். 'நேரில்' என்ற சொல்லே சிக்கல். வெட்டு நடந்த அரை மணி நேரத்தில் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வெட்டுப்பட்டவன் அதே தெரு என்றால் அது நேரில் பார்த்ததற்குக் குறைவா? ஸ்டேட்டஸில் அரிவாள் படத்தோடு பாட்டுப் போடுவது மிரட்டலா இல்லையா? விருதுநகர் மாவட்டக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. கொலை வழக்கில் வாய்தாவுக்கு வருகிறவனை வாசலில் படம் எடுத்து ஹீரோ மாதிரி ரீல்ஸ் போடுகிறார்கள். அதைப் பார்த்து வளரும் பையனுக்குப் பட்டது பயமில்லை, ஆசை. அதையும் எண்ண வேண்டாமா?

ஆகவே நம் ஊருக்கான கேள்விகளில் குறைந்தது இவை தனித்தனியாக இருக்க வேண்டும்: கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, போனில் பார்த்தது, தனக்கே நடந்தது, தெரிந்தவருக்கு நடந்தது, ஆயுதத்தைத் தொட்டது அல்லது எடுத்துப்போகச் சொன்னது, பயந்து வழியை மாற்றியது. கடைசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு பிள்ளை குறுக்குவழியை விட்டுச் சுற்றிப் போகிறது என்றால், எந்த அறிக்கையிலும் வராத ஒரு இடத்தை அது நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

தமிழிலேயே இப்படி அளந்த முன்மாதிரி இருக்கிறது. இலங்கை வன்னியில் போர்நிறுத்தக் காலத்தில், உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் எல்பர்ட், மகி ஷவர் போன்றவர்கள் 420 பள்ளிப் பிள்ளைகளை ஆய்வு செய்தார்கள். முடிவு 2009-இல் வெளியானது. 92 சதவீதம் பிள்ளைகள் குண்டுவீச்சு, ஷெல், நெருங்கியவரின் சாவு என்று ஏதோ ஒரு கடுமையான அனுபவத்தைக் கண்டவர்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது 25 சதவீதத்துக்கு. இந்த ரெண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பட்டது கிட்டத்தட்ட எல்லாருக்கும், நோய் நாலில் ஒருவருக்கு. அதே குழுவைச் சேர்ந்த கிளாடியா கட்டானி வடகிழக்கில் செய்த இன்னொரு ஆய்வில் தெரிந்தது, போரும் சுனாமியும் கண்ட பிள்ளைக்கு வீட்டுக்குள் அடியும் இருந்தால் நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பது. தெருவை மட்டும் அளந்து வீட்டை விட்டுவிட்டால் கணக்கு தப்பும்.

பட்டியல் யார் கைக்குப் போகும்?

இதை நண்பனிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னான்: "அந்த லிஸ்ட்டு யார் கைக்குடா போகும்?"

நான் யோசிக்கவே இல்லாத கேள்வி. நம் ஊரில் தெருப் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். 'வன்முறை அதிகம் பட்ட பிள்ளைகள்' என்று ஒரு பட்டியல் தயாரானால், அடுத்த தேர்தலுக்குள் அது 'பிரச்சினைக்குரிய பிள்ளைகள்' பட்டியலாக மாறிவிடும். ஸ்டேஷனுக்கு ஒரு காப்பி போகும். அட்மிஷனில் ஒரு பள்ளி அதைப் பார்க்கும். உதவிக்கு எடுத்த கணக்கு முத்திரையாகிவிடும்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கலர்க் கயிறு வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், அகர வரிசையில் உட்கார வையுங்கள், பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்று பல பரிந்துரைகள். மற்றதில் வாதம் இருக்கலாம். ஆனால் பிள்ளையின் சாதியை வகுப்பில் வெளியே தெரிய விடாதே என்பது அதன் அடிப்படை. நாம் அளக்கப்போகும் கேள்வித்தாளே அதைத் தெரிய வைத்துவிடக் கூடாது.

அதனால் ரெண்டு வேலையையும் பிரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இடத்தை அளப்பது ஒன்று, பிள்ளையைக் கவனிப்பது இன்னொன்று.

இடத்தை அளக்கப் பிள்ளையின் பெயரே தேவையில்லை. பிரிட்டனில் கார்டிஃப் நகரத்தில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடை அறுவை மருத்துவர் இதைச் செய்து காட்டினார். காயத்தோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று அவர் கவனித்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த ஆயுதம் என்று மட்டும் கேட்டு, பெயரை நீக்கிவிட்டு, நகராட்சிக்கும் போலீஸுக்கும் கொடுத்தார்கள். எந்த பார், எந்தத் தெரு, எந்த நேரம் என்று தெரிந்ததும் அங்கே மட்டும் ஆட்களை நிறுத்தினார்கள், உடைந்தால் குத்தாத கண்ணாடித் தம்ளர் வைத்தார்கள். 2011-இல் வந்த மதிப்பீட்டின்படி, இதே மாதிரி நகரங்களோடு ஒப்பிட்டால் வன்முறைக் காயத்தால் ஆஸ்பத்திரியில் சேர்வது 42 சதவீதம் குறைவு.

நம் அரசு ஆஸ்பத்திரியிலும் இப்படிக் காயத்தோடு வருகிறவருக்கு ஏ.ஆர். புத்தகத்தில் எழுதுகிறார்கள். கோர்ட்டுக்கு ஏ.ஆர். காப்பி என்று அலைகிறோமே, அதுதான். அதிலிருந்து பெயரை விட்டுவிட்டு இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாதம் ஒருமுறை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தால் போதும். அதன் மேல் பள்ளி விடும் நேரத்தையும் பஸ் ஸ்டாப்பையும் டாஸ்மாக்கையும் திருவிழாத் தேதிகளையும் வைத்துப் பார்க்கலாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். அந்த ரோட்டில் சாயங்காலம் நாலரைக்கு எந்த ஸ்டாப்பில் ஒரு போலீஸ்காரர் நின்றால் எத்தனை பிள்ளைகள் நிம்மதியாக வீட்டுக்குப் போகும் என்று சொல்லிவிட முடியும்.

பிள்ளையைக் கவனிப்பது வேறு வேலை. அதற்குப் பட்டியல் வேண்டாம், பழக்கம் வேண்டும். யார் செய்தது என்று கேட்கக் கூடாது, அது போலீஸ் வேலை. வகுப்பு நடுவில் கையைத் தூக்கச் சொல்லக் கூடாது. பிள்ளை சொன்ன பிறகு அனுப்ப ஒரு இடம் தயாராக இல்லாமல் கேட்கவே கூடாது. கிளறிவிட்டுக் கைவிடுவது கேட்காததைவிட மோசம். 14416-இல் இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் மனநல ஆலோசனை உண்டு, பிள்ளைகளுக்கு 1098 உண்டு. ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் காக்க முடியாது என்பதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக

நண்பன் போன வாரம் கூப்பிட்டான். அந்தத் தூங்குகிற பையனிடம் என்ன ஆச்சு என்று கேட்கவில்லையாம். "எந்த வழியா வீட்டுக்குப் போற?" என்று மட்டும் கேட்டானாம். பையன் ஒரு வழியைச் சொன்னான். பக்கத்து வழி இருக்கையில் ஏன் அப்படிச் சுற்றிப் போகிறாய் என்றதற்குப் பதில் இல்லை. மூன்றாவது நாள் தானாக வந்து, அன்றைக்கு அந்த ஸ்டாப்பில் தான் நின்றதைச் சொல்லியிருக்கிறான். இவன் ஒன்றும் சொல்லாமல் கேட்டிருக்கிறான். இப்போது பையனின் அம்மா சம்மதத்தோடு ஆஸ்பத்திரியில் ஒரு ஆலோசகரிடம் போகிறார்கள்.

"இன்னும் எத்தனை பேரு இருக்கானுங்கன்னு தெரியல," என்றான். "ஆனா ஒண்ணுன்னு தெரிஞ்சிருச்சு."

நான் கணக்கு என்று தேடிப் போனது சதவீதமும் வரைபடமும். அதெல்லாம் வேண்டும், கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அரசாங்கம் அசையாது. ஆனால் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு நகரும் இடம் இதுதான். அதற்கு எந்த ஆராய்ச்சி நிதியும் தேவைப்படவில்லை. நீங்கள் வாத்தியாராகவோ டியூஷன் எடுப்பவராகவோ இருந்தால், அடுத்த தடவை உங்கள் பக்கம் ஏதாவது நடந்த மறுநாள், பாடத்தைத் தொடங்குவதற்கு முன் வகுப்பை ஒருமுறை மெதுவாகப் பாருங்கள். யார் வரவில்லை, யார் தூங்குகிறார்கள், யார் வழியை மாற்றினார்கள். அங்கிருந்து தொடங்கலாம்.